ஒரே கேட், இரண்டு கூலி



மரக்காணத்தில் வெயில் ஏறுமுன் உப்புப் பாத்தியில் இறங்குகிறாள் தாய். மகன் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில். "பையன் கம்பெனிக்குப் போயிட்டான், இனிமே என்ன கவலை?" என்கிறது ஊர். அவ்வளவு சுலபமா?

1991-இல் நாட்டின் கதவு திறந்தபோது பொருளாதார நூல்கள் ஒரு நம்பிக்கை ஊட்டின: ஆள்பலம் மிகுந்த ஏழை நாடு உலகச் சந்தையில் சேர்ந்தால் சாதாரணத் தொழிலாளியின் கூலி ஏறும், இடைவெளி குறையும். நடந்தது வேறு. ஆலைகள் நவீன இயந்திரத்தோடு வந்தன. அதை இயக்கத் தெரிந்தவனுக்குக் கிராக்கி. மற்றவனுக்குப் பின்னால் நூறு பேர் காத்திருந்தார்கள். ஏற்றுமதி ஆர்டர் இன்று வரும், நாளை நிற்கும். அதனால் நிரந்தர ஆளைக் குறைத்து ஒப்பந்த ஆளைக் கூட்டினார்கள். 2000 வாக்கில் இந்திய ஆலைத் தொழிலாளரில் நூற்றுக்குச் சுமார் 20 பேர் ஒப்பந்தக்காரர்கள். இன்று 40-க்கும் மேல்!

ஆக, பிளவு உப்பளத்துக்கும் ஆலைக்கும் நடுவில் மட்டுமில்லை. ஒரே கேட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே ஷிப்டு, ஒரே மெஷின், இரண்டு கூலி.

"ஆலை வரலைன்னா இந்த வேலையும் இல்லையே!" எனலாம். உண்மைதான். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலையே கிடையாது. அங்கேயே கிடக்கச் சொல்லவில்லை. ஆனால் 2006-இல் திறந்த ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-இல் மூடியபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தெருவுக்கு வந்ததை மறக்கலாமா?

ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளே சொல்லின. காகிதம் மட்டும் சோறு போடாது. 2024-இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025-இல் சங்கமும் பதிவாச்சு, ஊதிய உயர்வும் வந்தது. சேர்ந்து பேசினால் கூலி ஏறும். அந்தப் பேச்சில் ஒப்பந்தத் தோழனுக்கும் இடம் வேண்டும்.

"நாம டிப்ளமோ, நமக்கென்ன?" என்று இருந்துவிடாதீர்கள். நாமும் டிரெய்னியாகத்தான் அந்த கேட்டுக்குள் நுழையப் போகிறோம். ஒவ்வொரு கேம்பஸ் இண்டர்வியூவிலும் நம் மாணவர் மன்றம் இரண்டு கேள்வி கேட்கட்டும்: டிரெய்னி எப்போது நிரந்தரமாவான்? அதே மெஷினில் நிற்கும் ஒப்பந்த ஆளுக்கு என்ன கூலி?

கேட்கத் தயங்கினால், நாளை அந்த இரண்டாவது கூலி நமக்கே வரும். சிந்திப்பீர்!