வாய்தாவில் வளரும் குழந்தைகள்

மணவிலக்கு வழக்கு நடக்கும்போது, குழந்தையைப் பிரிந்திருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ நீதிமன்றம் வழங்கும் சந்திப்பு நேரம் பெரும்பாலும் வாரத்தில் சில மணி நேரம்தான். அது எப்படிக் கழிகிறது என்பதைக் குடும்பநல நீதிமன்ற வளாகங்களில் காணலாம். கறுப்பு அங்கிகளும் வழக்குக் கட்டுகளும் கடந்துபோகும் தாழ்வாரத்தில், பெஞ்சின் நுனியில் ஒரு சிறுபிள்ளை உட்கார்ந்திருக்கிறது. தந்தை பொம்மையை நீட்டுகிறார். வாங்கலாமா என்று கேட்பதுபோல், தள்ளி நிற்கும் தாயின் முகத்தைப் பார்க்கிறது பிள்ளை. இன்னொரு வழக்கில் காத்திருப்பவர் தாய். "குழந்தைக்குக் காய்ச்சல்" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். பிறகு அடுத்த வாய்தா.

பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தைக்கு உரியது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தெளிவாகக் கூறியது. குழந்தையைப் பிரிந்திருப்பவர் நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடங்களாவது அதனுடன் பேச வழிவேண்டும் என்றும் சொன்னது. ஆகவே, சந்திப்பைத் தடுப்பவர் தன் துணையைத் தண்டிப்பதாக நினைத்தால் அது தவறு. பறிபோவது பிள்ளையின் உரிமை. "அப்பா வேண்டாம்", "அம்மா கெட்டவள்" என்று சொல்லப் பழக்குவது வளர்ப்பு ஆகாது, அது கொடுமை. ஜீவனாம்சத்தை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு, சந்திப்பு நேரத்தை மனுவுக்கு ஆதாரம் திரட்டப் பயன்படுத்துபவரும் அதே குற்றத்தையே செய்கிறார். வன்முறைக்கு உண்மையான அச்சம் உள்ள இடத்தில் கட்டுப்பாடும் கண்காணிப்பும் அவசியம். அந்த அச்சத்தைப் பொய்யாகக் கிளப்புகிறவர்கள், உண்மையிலேயே அடிபட்ட பெண்களின் சொல்லையும் மதிப்பிழக்கச் செய்கிறார்கள்.

அரசும் இதில் நிரபராதி அல்ல. 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் பாதுகாவலர் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப் பின்னரே தாய் என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்த வரிக்குப் புதுப்பொருள் தந்து, தந்தை உயிருடன் இருக்கும்போதும் தாய் பாதுகாவலராக இயலும் என்றது. ஆனால் சட்டத்தின் வாசகம் மாறவில்லை. பெற்றோர் இருவரையும் சமமாக வைக்கவும், உகந்த வழக்குகளில் கூட்டுப் பொறுப்பு வழங்கவும் 2015 மே மாதத்தில் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. பத்தாண்டுக்கு மேலாகியும் அது சட்டமாகவில்லை. இந்த அலட்சியத்துக்கு மன்னிப்பில்லை.

தாமதம் இத்தகைய வழக்குகளில் தனி அநீதி. நான்கு வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது வாழ்வில் கால்பங்கு. அதற்குள் ஒரு முகம் மறந்துபோகும். பின்னர் வரும் தீர்ப்பு அந்த உறவை மீட்டுத் தராது. வாய்தா வாங்குவதைத் திறமையாகக் கருதும் வழக்கறிஞர்கள் இதை உணர வேண்டும்.

சந்திப்பு உத்தரவை மீறினால், அடுத்த வாய்தா வரை காத்திராமல் நீதிமன்றம் விளக்கம் கேட்க வேண்டும். காரணமின்றிப் பறித்த நேரத்தை ஈடுசெய்ய உத்தரவிட வேண்டும். தாழ்வாரங்களுக்குப் பதிலாக, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் உள்ள சந்திப்பு இல்லங்களை மாவட்டந்தோறும் அரசு அமைக்க வேண்டும். சட்ட ஆணையத்தின் பரிந்துரையை நாடாளுமன்றம் இனியும் கிடப்பில் போடக் கூடாது.