நியூயார்க் மேயர் தேர்தல்: நாளைய விவாதத்தில் யாருடைய கணக்கு பலிக்கும்?

கடந்த வெள்ளிக்கிழமை, 2025 ஜூன் 6 அன்று, அமெரிக்க முஸ்லிம்கள் ஹஜ்ஜுப் பெருநாள் கொண்டாடினார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு நியூயார்க் நகரத் தொலைக்காட்சி மேடை ஒன்றில் 33 வயது முஸ்லிம் வேட்பாளர் ஒருவரிடம், இஸ்ரேல் ஒரு யூத நாடாக இருப்பதை ஏற்கிறீர்களா என்று துருவித் துருவிக் கேட்கப்பட்டது. அவர் போட்டியிடுவது வெளியுறவு அமைச்சர் பதவிக்கு அல்ல. குப்பை அள்ளுவது, பள்ளிக்கூடம் நடத்துவது, காவல்துறையைக் கவனிப்பது போன்ற வேலைகளைச் செய்யும் மேயர் பதவிக்கு!

நாளை, ஜூன் 12 வியாழன் இரவு, இரண்டாவது விவாதம். நமக்கு அது வெள்ளிக்கிழமை அதிகாலை நாலரை மணி, ஃபஜ்ரு நேரம். முதல் விவாதத்தில் ஒன்பது பேர் நின்றார்கள். இம்முறை ஏழு பேர். அந்த மேடையில் யார் எப்படிக் காய் நகர்த்தக்கூடும் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு விளக்கம். நம் ஊரில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும். நியூயார்க்கில் 'பிரைமரி' எனப்படும் உட்கட்சித் தேர்தலில், கட்சிக்காரராகப் பதிவு செய்துகொண்ட வாக்காளர்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியின் செல்வாக்கு மிக அதிகம் என்பதால், ஜூன் 24-இல் நடக்கும் அதன் உட்கட்சித் தேர்தலே பாதித் தேர்தல் முடிந்த மாதிரி. 2025-இல் மேயராக இருக்கும் எரிக் ஆடம்ஸ் இதில் இல்லை. நவம்பரில் சுயேச்சையாக நிற்கப் போவதாக அறிவித்துவிட்டார்.

முன்னணியில் இருப்பவர் ஆண்ட்ரூ குவோமோ, வயது 67. 2011 முதல் பத்தாண்டுகள் மாநில ஆளுநராக இருந்து, 11 பெண்களிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தார் என்று மாநில அட்டர்னி ஜெனரலின் அறிக்கை சொன்ன பிறகு 2021-இல் பதவி விலகியவர். குற்றச்சாட்டுகளை மறுக்கிறார். அவரைத் துரத்திக்கொண்டிருப்பவர்தான் நாம் முதலில் சொன்ன ஸொஹ்ரான் மம்தானி. உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்தவர்; திரைப்பட இயக்குநர் மீரா நாயர், பேராசிரியர் மஹ்மூத் மம்தானி தம்பதியின் மகன்; குயின்ஸ் பகுதியின் மாநில சட்டமன்ற உறுப்பினர். மே மாத இறுதியில் எமர்சன் கல்லூரி வெளியிட்ட கருத்துக்கணிப்பில் முதல் சுற்றில் குவோமோவுக்கு 35 சதவீதம், மம்தானிக்கு 23. கடைசிச் சுற்றில் 54-க்கு 46.

'கடைசிச் சுற்று' என்ற இந்தச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. இந்தத் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பதில்லை. ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் இலங்கை அதிபர் தேர்தலிலும் உள்ள விருப்ப வாக்கு மாதிரிதான். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவர் நீக்கப்படுவார். அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும்.

2021-இல் இந்த முறை முதன்முதலாக வந்தபோது என்ன நடந்தது? எரிக் ஆடம்ஸ் கேத்ரின் கார்சியாவை வெறும் 7,197 வாக்குகளில் வென்றார். ஆனால் கடைசிச் சுற்றில் இருந்த இருவரில் ஒருவரையும் வரிசையில் எழுதாததால், சுமார் 1,40,000 வாக்குச்சீட்டுகள் அந்தச் சுற்றில் கணக்கிலேயே வரவில்லை. இரண்டாம் விருப்பத்தை யாருக்கு எழுதுவது என்று சொல்லித்தர ஆளில்லாமல் போனதன் விலை அது.

ஆகவே நாளைய மேடையில் எதிராளியை மடக்கிக் கைதட்டல் வாங்குபவர் வென்றுவிடுவார் என்று நாம் நினைக்கவில்லை. மற்றவர்களின் ஆதரவாளர்கள் தம் சீட்டில் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் யாரை எழுதத் துணிவார்கள் என்பதே கேள்வி.

குவோமோவின் கணக்கு எளிது. அவர் முதலிடத்தில் இருப்பதால் மேடையில் புதிதாக எதையும் செய்யத் தேவையில்லை. சறுக்காமல் இறங்கினால் போதும். முதல் விவாதத்தில் அநேகமாக எல்லோரும் அவர் மீதே பாய்ந்தார்கள். அவரோ மம்தானியின் அனுபவக் குறைவைக் குறிவைத்தார். வெண்ணெயில் சூடான கத்தி இறங்குவது போல ட்ரம்ப் மம்தானியை வெட்டிவிடுவார் என்றார். நாளையும் அதையே சொல்வார். கூடவே யூத வெறுப்பு என்ற பேச்சையும் எடுப்பார். இந்தத் தேர்தலின் மிக முக்கியமான பிரச்சினை அதுதான் என்று ஏப்ரலிலேயே ஒரு யூத வழிபாட்டுத் தலத்தில் அறிவித்தவர் அவர். ஏழு பேரில் ஒருவரை மட்டும் திரும்பத் திரும்பத் தாக்கினால், போட்டி அவருக்கும் எனக்கும்தான் என்று சொன்னதாகிவிடும். அது மம்தானிக்கும் லாபமே என்பது குவோமோவுக்குத் தெரியாமல் இருக்காது.

மம்தானியின் நிலைதான் சிக்கல். இஸ்ரேல் கேள்விக்கு முதல் விவாதத்தில் அவர் சொன்ன பதில், இஸ்ரேல் எல்லோருக்கும் சம உரிமையுள்ள நாடாக இருக்க உரிமை உண்டு என்பது. அதில் அவர் தடுமாறவில்லை. இஸ்ரேல் புறக்கணிப்பு இயக்கத்தை ஆதரிப்பதையும் அவர் மறைத்ததில்லை. நாளை அதே கேள்வி வேறு வடிவில் வரும். அவர் நீளமாக விளக்கம் கொடுத்தால் இரண்டு மணி நேரமும் அதிலேயே கரையும். மழுப்பினால் காஸாவுக்காகத் தெருவில் இறங்கிய இளைஞர்கள் கசந்துபோவார்கள். இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு வீட்டு வாடகைக்குத் திரும்புவார் என்றே நாம் எதிர்பார்க்கிறோம். அவரை வளர்த்தது வாடகைப் பேச்சுதான். வாடகைக் கட்டுப்பாட்டில் உள்ள ஏறத்தாழ பத்து லட்சம் வீடுகளுக்கு வாடகை உயராது, பேருந்து இலவசம், குழந்தைகள் காப்பகம் இலவசம் என்பவை அவர் வாக்குறுதிகள். தெருவோர ஹலால் சோற்று வண்டிக்காரர்களிடம் போய், ஒரு தட்டு ஏன் பத்து டாலர் ஆனது என்று கேட்டு அவர் வெளியிட்ட காணொளி பெரிதும் பேசப்பட்டது. 2021-இல் கடனில் மூழ்கிய டாக்ஸி ஓட்டுநர்களோடு 15 நாள் உண்ணாவிரதம் இருந்தவரும் அவர்தான்.

ஆனால் ஒன்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. பேருந்துகளை நடத்துவது மாநிலத்தின் கையில் உள்ள அமைப்பு. பணக்காரர்கள் மீது வரி உயர்த்தவும் மாநிலச் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். 'இதற்குப் பணம் எங்கிருந்து வரும்' என்று நடுவர்கள் நெருக்கினால், இஸ்ரேல் கேள்வியைவிட அதுதான் அவருக்குக் கடினமாக இருக்கும்.

நாம் அதிகம் கவனிக்கப் போவது பிராட் லேண்டரை. நகரத்தின் கணக்குத் தணிக்கையாளர், யூதர், நெதன்யாகு அரசைக் கண்டித்துப் பேசுபவர். கருத்துக்கணிப்பில் மூன்றாவது இடம், 11 சதவீதம். மம்தானியைத் தாக்கி இரண்டாம் இடத்துக்கு ஏற முயல்வாரா, அல்லது இருவரும் சேர்ந்து குவோமோவைச் சூழ்ந்துகொள்வார்களா? லேண்டரின் வாக்காளர்கள் தம் சீட்டில் அடுத்ததாக மம்தானியை எழுதினால், அந்த எட்டுப் புள்ளி இடைவெளி சுருங்கும். ஒரு யூத வேட்பாளர், இவரையும் எழுதுங்கள் என்று மேடையிலேயே ஒரு முஸ்லிமைச் சுட்டிக்காட்டினால், யூத வெறுப்புக் குற்றச்சாட்டுக்கு அதைவிட நல்ல பதிலும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் கடிக்காமல் நாளைய இரண்டு மணி நேரத்தைக் கடத்தினாலே அதற்கு வழி திறக்கும்.

நகர மன்றத் தலைவர் ஏட்ரியன் ஆடம்ஸின் வேலை வேறு. குவோமோவின் பெரிய பலம் கறுப்பின வாக்காளர்கள். அவர்களில் ஒரு பகுதியை, குறிப்பாகப் பெண்களை, பிரித்தெடுக்கக் கூடியவர் இவர் ஒருவரே. எனவே குவோமோவின் பழைய விவகாரங்களை இவர் கிளறினால் அதற்கு எடை அதிகம். மைரி, ஸ்ட்ரிங்கர், டில்சன் மூவரும் தங்களைக் காட்டிக்கொள்ளப் பேசுவார்கள். டில்சன் மம்தானியைத்தான் அதிகம் தாக்குவார்.

இந்த நகரத்தின் மேயர் யார் என்பது அங்குள்ள முஸ்லிம் குடும்பங்களுக்குப் பெயரளவு விஷயமல்ல. 2001-க்குப் பிறகு நகரக் காவல்துறையின் தனிப்பிரிவு ஒன்று பள்ளிவாசல்களையும் உணவகங்களையும் மாணவர் சங்கங்களையும் ரகசியமாக உளவு பார்த்தது. 2011-இல் அசோசியேட்டட் பிரஸ் அதை அம்பலப்படுத்தியது. அந்த உளவால் ஒரு பயங்கரவாத வழக்குக்குக்கூடத் துப்பு கிடைக்கவில்லை என்று காவல்துறை அதிகாரியே பின்னர் சாட்சியம் அளித்தார். 2014-இல்தான் அந்தப் பிரிவு கலைக்கப்பட்டது. காவல்துறை ஆணையரை நியமிப்பவர் மேயர். ஜும்ஆ பாங்கை ஒலிபெருக்கியில் சொல்லத் தனி அனுமதி தேவையில்லை என்று 2023-இல் அறிவித்ததும் ஒரு மேயர்தான். நடுவர்கள் நாளை இஸ்ரேலுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்தை இந்த உளவு விவகாரத்துக்கு ஒதுக்குவார்களா? குவோமோவிடம் இதைக் கேட்க மம்தானிக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தால் அதை விடக்கூடாது என்பது நம் ஆசை.

குயின்ஸிலும் புரூக்ளினிலும் சொந்தங்கள் இருப்பவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: முன்கூட்டிய வாக்குப்பதிவு இந்தச் சனிக்கிழமை, ஜூன் 14 முதல் 22 வரை. ஏற்கெனவே ஜனநாயகக் கட்சிக்காரராகப் பதிந்திருந்தால் மட்டும் போதாது, சீட்டில் ஒரு பெயரோடு நிறுத்திவிடவும் வேண்டாம். ஜூன் 24 இரவு தெரியப்போவது முதல் விருப்பங்களின் எண்ணிக்கை மட்டுமே. யாருக்கும் பாதியைத் தாண்டாவிட்டால், மற்ற வரிசைகளை எண்ணி முடிவு வர ஜூலை பிறந்துவிடும்.