இருபது மில்லிகிராம் மலையேறட்டும்

மூணாறு அருகே மாட்டுப்பட்டியைச் சுற்றியுள்ள தேயிலை எஸ்டேட்களில், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் ஒருவருக்கு வாய்ப்புற்று என்று தெரிந்த அன்றே அலைச்சல் தொடங்கிவிடுகிறது. கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்குப் போவதா, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கா, இல்லை போடிமெட்டு வழியாகத் தேனிக்கும் மதுரைக்கும் இறங்குவதா? எந்தப் பக்கம் இறங்கினாலும் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கூலி போகும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதையும் போகும். 2015-இல் 500 ரூபாய் நாள்கூலி கேட்டு மூணாறில் சாலையை மறித்த பெண் தொழிலாளர்களுக்குக் கடைசியில் கிடைத்தது 301 ரூபாய். அந்தக் குடும்பங்களிடம் போய் இம்யூனோதெரபி எனும் எதிர்ப்பாற்றல் சிகிச்சை பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பேசியே ஆக வேண்டும் என்கிறோம்.

புற்றணுக்கள் நம் உடலின் எதிர்ப்பாற்றல் அணுக்களான டி செல்களுக்கு பிரேக் போட்டு வைக்கின்றன. அந்த பிரேக்கை விடுவிக்க வழி கண்டதற்காக ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த வழியில் வந்த நிவோலுமாப் மருந்தின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இத்தகைய சிகிச்சை நூற்றில் ஒருவர் முதல் மூவருக்குத்தான் எட்டுகிறது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் இந்த அநீதியை விதியென்று விட்டுவிடவில்லை. வாய்ப்புற்று உள்ளிட்ட தலை, கழுத்துப் புற்று முற்றிய 151 பேரை இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவுக்கும் விலை குறைந்த மாத்திரைகள். ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதம், ஊசியும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். 2022-இல் வெளியான இந்த முடிவு உலகப் புற்றுநோய் மருத்துவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்துச் செலுத்தும் உள்நாட்டு கார்-டி சிகிச்சையான நெக்ஸ்கார்19 நமக்குப் பெருமைதான். ஆனால் அதற்கு இன்னும் பல லட்சம் ரூபாய் வேண்டும். இந்த 20 மில்லிகிராம்தான் லயத்து வாசலுக்கு வரக்கூடியது.

இது நோயைத் துடைத்தெறியும் மருந்தல்ல. மாதங்களைக் கூட்டித் தருவது. முழு அளவுக்கு இது சமம் என்றும் அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனால் முழு அளவை வாங்க வழியே இல்லாதவரிடம் அதைக் காரணம் காட்டி இதையும் மறுப்பது எந்த மருத்துவ அறம்?

பக்கவிளைவு வந்தால் மலையில் யார் பார்ப்பது என்ற கேள்வி நியாயமானது. கட்டவிழ்ந்த எதிர்ப்பாற்றல் சில சமயம் நுரையீரலையும் குடலையும் தைராய்டையும் தாக்கும். முதல் ஊசிகளைப் பெரிய மருத்துவமனையில் போட்டு, தாங்குகிறது என்று கண்ட பிறகு அருகிலேயே தொடரலாம். 2020 ஊரடங்கில் மண்டலப் புற்றுநோய் மைய நோயாளிகளுக்கு அவரவர் மாவட்டத்திலேயே தொடர் சிகிச்சை கொடுக்க ஏற்பாடு செய்தது கேரளம். அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்றாண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் மையம் என்று 2025 பட்ஜெட்டில் மத்திய அரசு சொன்னது. இடுக்கி போன்ற மலை மாவட்டத்துக்கு ஒரு மையம் போதாது. அடிமாலி தாலுகா மருத்துவமனையிலும் ஒன்று வேண்டும். மருந்து 40 மில்லிகிராம் குப்பியில் வருகிறது; ஒரே நாளில் இருவரை வரவழைத்தால் ஒரு குப்பி இருவருக்கு ஆகும், துளியும் வீணாகாது. தனித்தனியே ஊர் ஊராக அலையும் நோயாளிகளால் இதைச் செய்துகொள்ள முடியாது. மருத்துவமனைதான் நாள் குறித்துக் கூப்பிட வேண்டும்.

எஸ்டேட் நிர்வாகங்களுக்கும் வேலை உண்டு. புகையிலையோ மதுவோ பழகியவர்களின் வாயை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கண்ணால் பார்த்துச் சோதித்தாலே வாய்ப்புற்றுச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று 2005-இல் காட்டியது திருவனந்தபுரத்தில் நடந்த ஆய்வுதான். கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே அந்தச் சோதனையைச் செய்யலாம்.

குறைந்த அளவு நிவோலுமாபைக் காப்பீட்டுத் திட்டத்திலும், லாபமின்றிப் புற்று மருந்து விற்கும் காருண்யா மருந்தகங்களிலும் கேரள அரசு சேர்க்கட்டும். ஓய்வு பெற்று லயத்தைக் காலி செய்து தேனிப் பக்கம் இறங்கும் தொழிலாளிக்குச் சிகிச்சை பாதியில் அறுந்துபோகாதபடி, ஒரு மாநிலக் காப்பீட்டு அட்டையை மறு மாநில அரசு மருத்துவமனை ஏற்கும் ஒப்பந்தத்தில் சென்னையும் திருவனந்தபுரமும் இந்த ஆண்டே கையெழுத்திட வேண்டும்.