கொல்லைப் பக்கம் போன கம்பம்

'ஹாம்' ரேடியோ லைசென்ஸ் வந்ததுதான் தாமதம், இவர் 16 அடி அலுமினியக் குழாயுடன் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார். ஏரியலாம்! 20 மீட்டர் அலைக்கு, அதில் கால் பங்கு உயரம் போதுமாம். அடியில் நாலா பக்கமும் கம்பி விரிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் சக்தி வீணாம்.

"என் வடாம் எங்கே காயும்?" என்றேன். காதில் விழவில்லை.

தெருப் பக்கம் நிறுத்தப் போனபோது எனக்குத் திக்கென்றது. "சாய்ந்தால் மின்சாரக் கம்பி மேலல்லவா விழும்?"

மனுஷர் வாயடைத்துப் போனார். கம்பம் கொல்லைப் பக்கம் போயிற்று. இனி எப்படி விழுந்தாலும் மின்சாரக் கம்பியை எட்டாது.

வடாத்துக்கு இடம் போனதில் வருத்தமில்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, அந்தமானிலிருந்து பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஹாம் ரேடியோவில்தானே பலருடைய க்ஷேமத்தைச் சொல்லி அனுப்பினார்! எங்கள் கம்பமும் யாருக்காவது உதவட்டுமே!