பைசெப்ஸ் சைஸ் கேட்டா போதுமா? மசில் டிஸ்மார்ஃபியாவைக் கேள்வித்தாள் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஜிம்மில் மணிக்கணக்கில் எடை தூக்குபவர் கண்ணாடி முன் நின்று, ‘உடம்பு ஏறவே மாட்டேங்குது' என்று புலம்பினால், சுற்றி இருப்பவர்கள் அதை ஆர்வம் என்றுதான் சொல்வார்கள். பலருக்கு அது ஆர்வம்தான். சிலருக்கு மட்டும் மசில் டிஸ்மார்ஃபியா எனும் மனநலப் பாதிப்பு. அதாவது, கட்டுமஸ்தான உடம்பு இருந்தும், தான் ஒல்லியாக, பலவீனமாக இருப்பதாகவே நம்புவது. இரண்டையும் பிரித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. கேள்வி கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதில்தான் சிக்கலே.

ஆண்கள் ஏன் கண்ணில் படல?

1982-ல் வெளியான ‘ஈட்-26' என்ற கேள்வித்தாள் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. எடை கூடிவிடுமோ என்ற பயம், கலோரிக் கணக்கு என்று அதன் கேள்விகள் ஒல்லியாக நினைப்பவர்களைச் சுற்றியே போகும். எடை ஏறலையேன்னு தவிக்கிற இளைஞர் இதற்குப் பதில் சொன்னால், மதிப்பெண் குறைவாக வந்து, ‘பிரச்னை இல்லை' என்று ஆகிவிட வாய்ப்பு அதிகம்.

1993-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப் குழுவினர் 108 ஆண் பாடிபில்டர்களை ஆய்வு செய்தனர். அதில் 9 பேர், உடம்பு பெரிதாக இருந்தும் சிறியதாகத் தெரிவதாக நம்பினர். முதலில் இதற்கு ‘தலைகீழ் அனோரெக்சியா' என்று பெயர். 1997-ல்தான் மசில் டிஸ்மார்ஃபியா என்ற பெயர் வந்தது. 2013-ல் வெளியான டி.எஸ்.எம்.-5 கையேடு, பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டரின் ஒரு வடிவமாக இதைச் சேர்த்தது.

ஒரே மதிப்பெண், வேற வேற ஆள்

2000-ல் வந்த 15 கேள்விகள் கொண்ட ‘டிரைவ் ஃபார் மஸ்குலாரிட்டி ஸ்கேல்' தசை மீதான ஆசை எவ்வளவு என்பதை அளக்கிறது. ஆனால் ஆசைப்படுவது நோய் இல்லையே! 2004-ல் வந்த ‘எம்.டி.டி.ஐ' இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. மொத்தம் 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பெரிதாகும் ஆசைக்கு 5 கேள்விகள், உடம்பை மற்றவர் பார்ப்பதில் உள்ள கூச்சத்துக்கு 4, அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படுவதற்கு 4.

ஒருவர் ஆசைப் பகுதியில் முழுசா 25-ம், மற்ற இரண்டிலும் குறைந்தபட்சமான 4, 4-ம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 33. இன்னொருவர் 9, 12, 12. அதுவும் 33 தான். முதல் ஆளுக்குப் பெரிய உடம்பு மேல் ஆசை, அவ்வளவுதான். இரண்டாவது ஆள் உடம்பை மறைக்கத் தொளதொள சட்டை போடுகிறார், ஒர்க்அவுட் தவறிடும்னு நண்பர்களைப் பார்ப்பதைத் தவிர்க்கிறார். கவனிக்க வேண்டியது இவரைத்தான். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசமே தெரியாது.

போட்டிக்குத் தயாராகும் பாடிபில்டர் விஷயம் இன்னும் குழப்பம். ஒர்க்அவுட்டைத் தவறவிடாமல் இருப்பது அவருக்கு வேலையே. அவரும் இதில் அதிக மதிப்பெண் எடுக்கலாம்.

தமிழில் கேட்டால்?

இங்கே ‘உடம்பு போட்டுடுச்சு' என்றால் கொழுப்பு, ‘உடம்பு ஏத்தணும்' என்றால் ஜிம் பாஷையில் தசை. ‘நான் இன்னும் பெரிதாக வேண்டும்' என்று அப்படியே மொழிபெயர்த்தால், பதில் சொல்பவர் எதை நினைத்துச் சொன்னார் என்றே தெரியாமல் போகும். அதனால்தான் எந்தக் கேள்வித்தாளையும் புது மொழிக்குக் கொண்டுபோகும்போது அந்த மொழி பேசுபவர்களிடம் சோதித்துப் பார்க்கிறார்கள்.

ஆன்லைனில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு ‘எனக்கு இருக்கு' என்றோ ‘இல்லை' என்றோ நீங்களே முடிவு செய்ய வேண்டாம். இவை சந்தேகத்தைக் காட்டும் கருவிகள் மட்டுமே. நேரில் பேசி உறுதி செய்ய வேண்டியது மனநல மருத்துவர் அல்லது உளவியல் நிபுணர். பயிற்சியால் படிப்போ வேலையோ உறவோ கெடுகிறது என்றால், மதிப்பெண் என்னவாக இருந்தாலும் அவர்களிடம் பேசலாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம்.