வேர் போன ஆர்க்கிட்டுக்குத் தண்ணி ஊத்தாதீங்க

வேர் அழுகிப்போன ஆர்க்கிட்டைக் காப்பாத்தணும்னா முதல் வேலை, தண்ணி ஊத்தறதை நிறுத்தறது. இதைச் சொன்னா எங்க அடுக்குமாடியில யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. "இலையெல்லாம் சுருங்கிக் கிடக்கு, தண்ணி ஊத்தாதேன்னு சொல்றீங்களே சார்?"னு ஒரு மாதிரி பாக்கறாங்க.

இலை சுருங்கினது தாகத்தாலதான், மறுக்கல. ஆனா குடிக்கற வாயே இல்லாதப்ப குடம் குடமா ஊத்தி என்ன பிரயோசனம்? ஈரம் தேங்கி மிச்சத் தண்டும் அழுகும், அவ்வளவுதான்.

மைசூர்ல நம்ம தமிழ் வீடுகள்ல இந்தச் சாவு எப்ப நடக்குதுன்னு கவனிச்சிருக்கேன். தீபாவளி, பொங்கல், பள்ளிக்கூட லீவு! நாம தூத்துக்குடி எக்ஸ்பிரஸ்ல ஏறி ஊருக்குப் போயிடறோம். பக்கத்து வீட்ல சாவியைக் குடுத்து, செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்திடுங்கன்னு சொல்லிடறோம். அவங்க நல்ல மனுஷங்க, தினமும் ஒரு செம்பு ஊத்தறாங்க. ரோஜாவுக்கு அது சரி. ஆர்க்கிட்டுக்கு அது விஷம். பத்து நாள் சும்மா விட்டிருந்தா பொழைச்சிருக்கும்.

ஏன்னா நாம வாங்கற ஃபெலனாப்சிஸ், டென்ட்ரோபியம், வாண்டா எல்லாம் மரத்து மேல வாழற சாதி. ஒட்டுண்ணி இல்லைங்க. மரத்துகிட்ட இடம் மட்டும்தான் கேக்கும், சாப்பாடு கேக்காது. வேர் மேல பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கும், வெலமென்னு பேரு. நனைஞ்சா பச்சையாகும், காய்ஞ்சா வெள்ளி நிறத்துக்கு வந்துடும். நனையறதும் காயறதும் மாறி மாறி நடக்கணும், நடுவுல காத்து வேணும். செம்மண்ணைப் போட்டு அமுக்கி தினம் நனைச்சா மூச்சு முட்டிடும்.

சரி, வேர் போயிடுச்சு. என்ன பண்ணலாம்? தொட்டியைக் கவுத்து, கொழகொழன்னு இருக்கறதையெல்லாம் தீயில காட்டின பிளேடால வெட்டுங்க. அமுக்கினா கெட்டியா இருக்கற வேர் ஒரு இன்ச் இருந்தாலும் விட்டு வைங்க. வெட்டின இடத்துல மட்டும் பட்டைத்தூள் தடவி ஒரு நாள் காய விடுங்க. பூத்தண்டு இருந்தா மனசைக் கல்லாக்கிட்டு அதையும் வெட்டிடுங்க. அப்புறம், பிழிஞ்சா சொட்டாத அளவு ஈரமான ஸ்பாக்னம் பாசியை உள்ளே தெரியற பிளாஸ்டிக் பையில போட்டு, அது மேல செடியை வைங்க. வெளிச்சம் வேணும், நேர் வெயில் கூடாது. ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவை பையைத் திறந்து காத்து விடுங்க. நடுக்குருத்துல தண்ணி நிக்கவே கூடாது. வேர் வர்ற வரைக்கும் உரம் கிடையாது.

எத்தனை நாள்னு கேக்காதீங்க, மாசக்கணக்கு. மார்ச், ஏப்ரல் காஞ்ச காத்துல கஷ்டம். ஜூன் மழைக்காத்து வந்தா வேகம் பிடிக்கும். புது வேர் ரெண்டு இன்ச் வளந்ததும் ஓட்டை போட்ட மண்சட்டிக்கு மாத்துங்க. உள்ளே அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு, ஊற வெச்சுக் கழுவின தேங்காய் மட்டைத் துண்டு. இதெல்லாம் நமக்குக் கிடைக்காத பொருளா? ஆனா நடுக்குருத்தே அழுகியிருந்தா பெரும்பாலும் பொழைக்காது. அதையும் சொல்லிடணும்.

"கடையில புதுசு கிடைக்குது, எதுக்கு இந்தப் பாடு?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். காரணம் தெரியாம வாங்கற புதுசும் அடுத்த லீவுக்குச் சாகும், அது ஒண்ணு. இன்னொண்ணு, கொடகு டூர் போறப்ப மரத்துல இருக்கறதைப் பிச்சுக் கார்ல போட்டுட்டு வர்றவங்களை நானே பாத்திருக்கேன். எங்க ஊர்ப்பக்கம் அகத்தியமலையில மட்டுமே வளர்ற லேடி ஸ்லிப்பர் ஆர்க்கிட் ஒண்ணு இருக்கு. ரொம்ப காலம் காணாம இருந்து 1972ல திரும்பக் கண்டுபிடிச்சாங்க. சேகரிக்கறேன்னு அள்ளினதும் காட்டுத்தீயும் சேர்ந்து அதை அழிவோட விளிம்புக்குக் கொண்டு வந்துடுச்சு. வீட்ல இருக்கற ஒண்ணைப் பொழைக்க வெக்கத் தெரிஞ்சவங்க காட்டுல கை வெக்க மாட்டாங்கன்னு நம்பறேன்.

அடுத்த தடவை ஊருக்குக் கிளம்பறப்ப பக்கத்து வீட்ல இப்படிச் சொல்லுங்க: "துளசிக்கு மட்டும் ஊத்துங்க. அந்த ஆர்க்கிட்டைத் தொடவே வேண்டாம்."