செஞ்சிக்கு உலகப் பெயர்! காக்கப் போவது யார்?

தேசிங்கு ராஜன் கதையைக் கேட்காத தமிழர் உண்டா? அவன் ஆண்ட செஞ்சிக் கோட்டைக்கு இப்போது உலகப் பெயர் கிடைத்திருக்கிறது.

2025 ஜூலையில் பாரிஸ் நகரில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு கூடியது. மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் 11 கோட்டைகள் மராட்டிய மாநிலத்தில் உள்ளவை. மீதி ஒன்று, நமது செஞ்சி!

எட்டு ஆண்டு முற்றுகை

செஞ்சிக்கும் மராட்டியருக்கும் என்ன உறவு? 1677-ல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். பின்னால் அவர் மகன் ராஜாராம், மொகலாயரிடம் இருந்து தப்பி வந்து இங்கேதான் தங்கினார். அவுரங்கசீப்பின் படை 1690-ல் கோட்டையைச் சூழ்ந்தது. 1698-ல்தான் அதைப் பிடிக்க முடிந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்!

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்து நீண்ட மதில். உள்ளே நெற்களஞ்சியம், மலைமேல் சுனைகள். சோறும் தண்ணீரும் இருந்ததால் கோட்டை தாக்குப் பிடித்தது.

1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி தேசிங்கு மாண்டான். 1750-ல் பிரெஞ்சுக்காரர்களும், 1761-ல் ஆங்கிலேயர்களும் கோட்டையைப் பிடித்தார்கள்.

புதிய படையெடுப்பு

இனி வரப்போவது சுற்றுலாப் படை. வரட்டும்! கூட்டம் வந்தால் டீக்கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் பிழைப்பு உண்டு. ஆனால் சுனையில் எறியும் பிளாஸ்டிக் பாட்டிலையும், சுவரில் கீறும் பெயரையும் எந்தப் பீரங்கி தடுக்கும்?

யுனெஸ்கோ கொடுத்தது பட்டம். கோட்டையைப் பராமரிப்பது இந்தியத் தொல்லியல் துறையின் வேலை. பட்டம் நிலையானதும் அல்ல. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து ஆற்றுப் பள்ளத்தாக்கு 2004-ல் இதே பட்டம் பெற்றது. அதன் குறுக்கே நான்கு வழிப் பாலம் கட்டினார்கள். 2009-ல் பட்டம் பறிபோயிற்று!

ஆகவே, கோட்டையைச் சுற்றிக் கண்டபடி கட்டடம் எழும்பாமல் அரசு பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறி வருகிறவர்களுக்குக் குடிதண்ணீரும் கழிப்பிடமும் வேண்டும். குப்பையைக் கீழே கொண்டுவர ஆள் வேண்டும்.

நம் பங்கும் உண்டு. அடுத்த விடுமுறையில் குழந்தைகளோடு ராஜகிரி ஏறுங்கள். தேசிங்கு கதையைச் சொல்லுங்கள். கொண்டுபோன பையைக் காலியாகத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். உங்கள் குப்பையை அதில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

எட்டு ஆண்டு மொகலாயப் படையைத் தாங்கிய கோட்டை அது. நம்மால் அழிந்தது என்ற பேச்சு வரக்கூடாது!